வெண்டலின் மூன்றாவது ஸ்டிரைக்

எங்கள் நெப்ராஸ்காவில் பேஸ்பால் அம்பயருக்குப் பெயர் கிடையாது. நீலச் சட்டை போட்டிருக்கிறோமாம், அதனால் "ப்ளூ". திட்டுவதற்கும் அதுதான், கொஞ்சுவதற்கும் அதுதான். யாரும் கொஞ்சியதாக எனக்கு நினைவில்லை.

ஊருக்கு ஊர் விதி வேறு. பக்கத்து ஊரில், அடிப்பவன் மூன்றாவது ஸ்டிரைக்காக, அதாவது மூன்றாவது தடவையாகப் பந்தைத் தவறவிட்டாலும், அவன் பின்னால் நிற்கும் கேட்சர் அதைப் பிடிக்காமல் விட்டால், சுற்றிவர வேண்டிய நாலு பேஸில் முதல் பேஸுக்கு ஓடலாம். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கு அந்தச் சலுகை இல்லை. மூன்று தவறினால் அவுட், அவ்வளவுதான். ஆட்டத்துக்கு முன்னால் இதைத் தொண்டை கிழியச் சொன்னேன். இரண்டு பயிற்சியாளர்களும் சூரியகாந்தி விதையை மென்றபடி தலையாட்டினார்கள். காதில் விழுந்ததா என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

வெண்டல் பக்கத்து ஊரிலிருந்து புதிதாகக் குடிவந்த பொடியன். சீசன் முழுக்க ஒரு தடவைகூட முதல் பேஸில் கால் வைத்ததில்லை. அன்று கடைசி ஆட்டம், அவனுக்குக் கடைசி வாய்ப்பு.

மூன்றாவது பந்தையும் விட்டான். கேட்சரும் விட்டான். நான் முஷ்டியை உயர்த்தி அவுட் என்றேன். யார் பார்த்தது? வெண்டல் பழைய ஊர்ப் பழக்கத்தில் ஓட்டம் பிடித்துவிட்டான். அவன் பயிற்சியாளர் லயல், என்னிடம் தலையாட்டிய அதே மகானுபாவர், ஓடு ஓடு என்று குதித்தார். கேட்சர் பதறிப்போய்க் கண்டபடி வீசினான். பந்தை எடுத்தவன் இன்னும் மோசமாக வீசினான். வெண்டல் மூன்று பேஸையும் சுற்றி வந்து, கிளம்பிய இடமான ஹோம் பிளேட்டில் என் காலடியில் புழுதியோடு விழுந்தான். வேலியோரம் அவன் அம்மா சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தாள்.

லயல் ஓடிவந்து காதோரம் கெஞ்சினார். "ப்ளூ, இந்த ஒரு தடவை கண்டுக்காம விட்டுடுப்பா."

எதிரணிப் பயிற்சியாளர்கூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். விட்டிருக்கலாம். ஆனால் நாளைக்கே பள்ளியில் எவனாவது ஒருத்தன், அது சும்மா கொடுத்ததுடா என்று சொல்வான்.

முகமூடியைக் கழற்றிவிட்டு மண்டியிட்டேன். "நீ அவுட்டுடா தம்பி. ஓடறதுக்கு முன்னாடியே அவுட். இந்த ஊர்ல ரூல் அப்படி."

வெண்டல் சட்டையில் ஒட்டிய புழுதியைத் தட்டிவிட்டான்.

"எல்லா பேஸையும் தொட்டேனா?"

"நாலையும் தொட்டே. நான் பார்த்தேன்."

"ப்ளூ சொன்னா சொன்னதுதானே?"

"சொன்னா சொன்னதுதான்."

எழுந்து வேலிப்பக்கம் நடந்தான். அவன் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது.

"நான் அவுட்மா. ஆனா நாலையும் தொட்டுட்டேன். ப்ளூவே சொல்லிட்டாரு."

கண் கலங்கிவிட்டது. அவசரமாக முகமூடியை மாட்டிக்கொண்டு, அடுத்த பையனைக் கூப்பிட்டேன்.