இரண்டு பீப்பாய்க்கு இடம்

நஜிமுதீன் நிலவறை வாயின் ஓரத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, தூக்குக்குண்டைக் கயிற்றோடு மெல்லக் கீழே விட்டுக்கொண்டிருந்தார். குண்டு தரையில் இடித்துச் சத்தம் வர வேண்டும். வந்தால் கயிற்றில் முடிச்சுப் போட்டு ஆழத்தைக் குறித்துக்கொள்ளலாம். சத்தம் வரவில்லை. குண்டு எதன் மேலோ மெத்தென்று உட்கார்ந்தது. தலையை உள்ளே நீட்டிப் பார்த்தார். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குக் கண் பழகக் கொஞ்ச நேரம் பிடித்தது. குண்டு ஒரு தலையணையின் மேல் கிடந்தது. பக்கத்தில் சுருட்டிய பாய். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

படி வழியாக இறங்கிப் போனார். மாட்டுங்காவில் அந்தப் பழைய கட்டடத்துக்கு மட்டும் எப்படியோ ஒரு நிலவறை வாய்த்திருந்தது. மேலே கரீம் பாட்சாவின் தேங்காய் எண்ணெய்க் கடை, கீழே சரக்கு. சுவரெல்லாம் எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. பீப்பாய்களின் வரிசைக்குப் பின்னால் ஆணிகளில் சட்டைகள் தொங்கின. உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்டில் பதித்து வைத்திருந்தார்கள். ஒரு மூலையில் முருகன் படம், இன்னொரு மூலையில் மடித்த தொழுகைப் பாய். ஆறு படுக்கைகள். பம்பாயில் இது அதிசயமில்லை. தாராவியில் நஜிமுதீனின் பட்டறையிலேயே கடைசல் இயந்திரத்துக்குக் கீழே இரண்டு பேர் படுத்து எழுந்து போகிறார்கள். கோலி என்கிற ஒற்றை அறைக்குப் பகடி முன்பணம் கொடுக்க முடியாதவன் வேலை செய்கிற இடத்திலேதான் படுப்பான். அவர் தலையணையின் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய குண்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு, தலையணையை ஒருமுறை தட்டிப் பழைய இடத்திலேயே வைத்தார்.

ஒரு சின்னச் சரக்கு லிஃப்ட் செய்து கொடுக்கச் சொல்லித்தான் கரீம் பாட்சா அவரைக் கூப்பிட்டிருந்தார். அதுவரை பீப்பாய்களை ஆட்கள்தான் இறக்கினார்கள். படிகளின் மேல் இரண்டு பலகைகளைச் சாய்த்துப் போட்டு, பீப்பாயைக் கயிற்றால் சுற்றி, மேலே இரண்டு பேர் இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். கீழே ஒருவன் பீப்பாயைத் தோளால் தாங்கிக்கொண்டு முதுகுப் பக்கமாகவே ஒவ்வொரு படியாக இறங்குவான். அப்படி இறங்கியபோதுதான் கயிறு நழுவி, சுமைக்காரன் காசிமின் வலது பாதம் மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டார்கள். இப்போது அவன் மேலே அதிகம் வருவதில்லை, நிலவறையில் உட்கார்ந்து டின்களுக்கு எண்ணெய் அளந்து ஊற்றுகிறான்.

"காசிம் கால் போனதுலருந்து எனக்குத் தூக்கமே இல்ல. இனிமே அந்தப் பாவம் வேண்டாம், மிஷினு வெக்கப்போறேன்" என்று வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் பத்துப் பேர் நடுவில் கரீம் பாட்சா சொன்னார். ஊர்க்காரர்கள் அவர் கையைப் பிடித்து துஆ செய்தார்கள். நஜிமுதீனுக்குக் கண் கலங்கிவிட்டது. கடையநல்லூரில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் பிறந்தவர்கள் இருவரும். சொந்த ஊர்க்காரன் ஒருவன் நல்லது செய்ய நினைக்கும்போது தானும் ஒரு கை கொடுத்தால் அதுவும் நன்மைதானே என்று, கூலி வேண்டாம், இரும்புக்கு ஆகிறது போதும் என்று அங்கேயே ஒப்புக்கொண்டார்.

சங்கதி என்னவென்றால், நிலவறையின் வாய் குறுகல். தளத்தை உடைத்துப் பெரிதாக்கக் கட்டடச் சொந்தக்காரர் சம்மதிக்க மாட்டார். இருக்கிற இடம் அத்தனையையும் படி பிடித்துக்கொண்டிருந்தது. நஜிமுதீன் பல நாள் யோசித்து ஒரு வழி கண்டார். படியின் அகலத்தில் பாதியை அப்படியே விட்டுவிட்டு, மீதிப் பாதியில் ஒரே ஒரு பீப்பாய் நிற்கிற தட்டு. இரண்டு பக்கமும் இரும்புத் தண்டவாளம். மேலே பல்சக்கரமும் சங்கிலியும். கையைச் சங்கிலியிலிருந்து எடுத்துவிட்டாலும் தட்டு நின்ற இடத்தில் நிற்கும், ஒரு விரற்கடை கூட இறங்காது. படத்தைப் போட்டு முடித்த அன்று நஸீராவிடம் காட்டினார். அவளுக்குப் படம் புரியாது. ஆனால் கணவரின் முகம் புரியும். சீனி தூக்கலாக டீ போட்டுக் கொடுத்தாள்.

கரீம் பாட்சா தாராவிக்கே வந்து படத்தைப் பார்த்தார். வந்தவர் ஸ்டூலைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஓரத்துல இது என்ன, கோடு கோடா?"

"படி, அண்ணே. பழைய படியில பாதி."

"அத எடுத்துப் போட்டா ரெண்டு பீப்பா நிக்கும்லா?"

"நிக்கும். ஆளு எப்படி எறங்குவான்?"

"பீப்பாயோட சேந்து எறங்கட்டும். நோவாம எறங்கட்டுமே, யாரு வேண்டாங்கா?"

"ராத்திரி?"

"ராத்திரி என்ன சோலி? தட்ட மேல ஏத்தி, மூடியப் போட்டுப் பூட்டிட்டு நான் வீட்டுக்குப் போயிருவேன். காலையில வந்து தொறக்கேன். படி இருந்தா கை நீளுது, நஜீமு. எண்ணெ எந்த வழியா போவுதுன்னு எனக்குத் தெரியும். நீ இரும்புக்காரன், ஒனக்கு யாவாரம் தெரியாது."

"அண்ணே, உள்ள ஆறு பேரு படுக்கான்."

"யாரு சொன்னா? முனிசிபாலிட்டிக்காரன் வந்து கேட்டா, உள்ள எண்ணெ இருக்குன்னுதான் நான் சொல்லுவேன். நீயும் எண்ணெய்க்கு மட்டும் செஞ்சு குடு."

"மழை வந்தா? போன வருசம் கிங்ஸ் சர்க்கிள்ல இடுப்பளவு தண்ணி. கடைக்குள்ள வரல்லியா?"

"வந்துச்சு. எவன் செத்தான்?"

"படி இருந்துச்சு, அதான் சாவல்ல."

கரீம் பாட்சா சிரித்தார். சிரித்துக்கொண்டே நஜிமுதீனின் தோளில் தட்டினார். "மழைய அல்லா பாத்துக்கிடுவான். நீ ரெண்டு பீப்பாய்க்கு இடம் பண்ணு."

அவர் போன பிறகும், தட்டிய அந்தக் கை தோளில் இருந்துகொண்டே இருப்பதுபோல் இருந்தது. நஜிமுதீனுக்கு வேலை ஓடவில்லை. அல்லாவின் பெயரை மனிதன் எதற்கெல்லாம் இழுக்கிறான்! தான் செய்ய வேண்டியதைச் செய்யாமல், அந்தப் பழியையும் தூக்கி அவன் தலையில் வைப்பதற்கா தொழுகிறோம்? பத்துப் பேர் நடுவில் காசிமின் காலைச் சொல்லி துஆ வாங்கினாரே. அந்தக் கால் இல்லாதவனையே அல்லவா ராத்திரி பூட்டப் போகிறார்? எண்ணெய் களவு போகிறதாம். போகட்டுமே! ஒரு டின் எண்ணெய்க்காக ஆறு உயிரை மூடி போட்டு மூடுவதா? அன்று மாலைத் தொழுகையில் வரிசை நெருங்கியபோது கரீம் பாட்சாவின் தோள் வந்து அவர் தோளில் இடித்தது. விலகக் கூடாது, இடைவெளி விடாமல்தான் நிற்க வேண்டும். நின்றார். ஆனால் ஓதியது எதுவும் நெஞ்சில் ஏறவில்லை.

மறுநாள் பஞ்சுவைப் பார்க்கப் போனார். சுமைக்காரர்களில் மூத்தவன், அம்பாசமுத்திரத்துப் பக்கம். ஆறு பேரும் சேர்ந்து, படி வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் கரீம் பாட்சா இறங்கி வருவார் என்பது நஜிமுதீனின் எண்ணம். ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடையில் பஞ்சு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். கிளாஸைக் கீழே வைத்தான்.

"பாய், ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும், இந்தப் பேச்ச விட்டுருங்க."

"ஏன்டே? ஒன்னத்தான பூட்டப் போறாவ?"

"பூட்டட்டும். படியப் பத்தி நாம வாயத் தொறந்தா மொதலாளி என்ன சொல்லுவாரு? 'அப்ப எவனும் கீழ படுக்காத, ரோட்டுல போய்ப் படு'ம்பாரு. சோலி முடிஞ்சுச்சு. காசிமு பிளாட்பாரத்துல படுப்பானா? இந்த ஊர்ல இவ்வளவு குளுமையா, கொசு இல்லாம ஒரு எடம் யாரு குடுப்பா? எண்ணெ நாத்தத்துக்குக் கொசு வராது பாத்தீயளா!" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு நஜிமுதீனுக்குப் பொறுக்கவில்லை. கரீம் பாட்சாவின் மேல் வந்த கோபத்தைவிட இப்போது வந்த கோபம் பெரிதாக இருந்தது. இது யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கொசு வராத இருட்டுக்கு நன்றி சொல்கிற நிலைக்கு ஒரு மனிதனைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் யார் யார் என்று எண்ணத் தொடங்கினால், தாராவியில் தன் இயந்திரத்துக்குக் கீழே படுக்கிற இருவரின் முகமும் வந்து நின்றது.

வேலையை உதறிவிட்டால்? நாளைக்கே வேறு பட்டறைக்காரன் செய்துவிடுவான். அவன் மழையை நினைக்க மாட்டான். ஆகவே புதிதாக ஒரு படம் போட்டார். தட்டை ஒடுக்கி, பீப்பாய்கள் இரண்டும் ஒன்றையொன்று உரசி நிற்கும்படி செய்தார். பின்சுவருக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு மெலிந்த ஆள் நுழையும் அளவுக்கு இடம் கிடைத்தது. தண்டவாளங்கள் விலகாமல் இருக்கக் குறுக்குக் கம்பிகள் வேண்டும். அவற்றைக் கால் எட்டுகிற உயரத்துக்கு ஒன்றாக, கீழிருந்து மேல்வரை அந்த இடைவெளியிலேயே வைத்தார். கேட்டால், தண்டவாளத்துக்குப் பலம் என்று சொல்லலாம். மூடிக்குத் தாழ்ப்பாளை உள்பக்கம் மட்டும் வைத்தார்.

நஸீராவிடம் இதைச் சொன்னபோது அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "அப்ப அது ஏணிதான?" என்றாள்.

"ஏணிதான்."

"ஏணிய ஏணின்னு சொல்லுததுக்கு என்ன பயம் ஒங்களுக்கு? களவாங்குதது அவங்கன்னு அவரு சொல்லுதாரு. நீங்க ஏணியவே களவா வெக்கீய." முறத்தை ஒருமுறை புடைத்தாள். "கேட்டா உள்ளதச் சொல்லிருங்க. மறைச்சு செஞ்ச நன்மைய ஒருநா அவரே வெட்டி எடுத்துருவாரு."

ஜூன் பிறப்பதற்கு முன் லிஃப்ட் வேலை முடிந்துவிட்டது. பழைய படியை இடித்துக் கூடையில் அள்ளிக்கொண்டு போனார்கள். வெள்ளோட்டத்துக்குக் கரீம் பாட்சா வெள்ளை ஜிப்பாவில் வந்தார். கையில் புதுப் பூட்டு ஒன்று, காகிதம்கூடப் பிரிக்காமல். இரண்டு பீப்பாய்களைத் தட்டில் நிறுத்தினார்கள். பஞ்சு ஒருவனே சங்கிலியை இழுத்தான். கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு தட்டு சாதுவாக இறங்கியது. பாதியில் நஜிமுதீன் கையைக் காட்ட, பஞ்சு சங்கிலியை விட்டான். தட்டு அப்படியே நின்றது. கரீம் பாட்சா "சபாஷ்" என்றார். அந்த நேரத்தில் நஜிமுதீனுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கைத்தொழில் செய்கிறவனுக்கு அதை மறைக்க வராது.

தட்டு அடியில் போய் உட்கார்ந்ததும், பஞ்சு பின்பக்க இடைவெளியில் கால் வைத்து இயல்பாக இறங்கிப் போனான், பீப்பாயைத் தள்ளி வைக்க. கரீம் பாட்சா அதைப் பார்த்தார்.

"என்னது அது?"

பலத்துக்கு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நஜிமுதீன் அதை விழுங்கினார். "ஏணி, அண்ணே."

"யாருக்கு?"

"உள்ள படுக்கிறவங்களுக்கு. மூடிக்குத் தாழ்ப்பாளும் உள்ளதான் வெச்சிருக்கேன்."

"நான் என்ன சொன்னேன், நீ என்ன செஞ்சிருக்க?" கரீம் பாட்சாவின் முகம் சிவந்தது. "வெளிய ரெண்டு வளையம் அடிச்சுத் தா. இந்தப் பூட்டு தொங்கணும்."

"அடிக்க மாட்டேன்."

"நீ இல்லன்னா ஊர்ல வெல்டிங்கே இல்லியாவே? அஞ்சு நிமிசத்து வேல."

"அஞ்சு நிமிசத்து வேலதான். செய்யுதவன் செஞ்சுட்டுப் போவான். நான் செய்ய மாட்டேன். காசிம் காலச் சொல்லித்தான என்னக் கூப்பிட்டீய? பள்ளிவாசல்ல சொன்னீயளே! அவன உள்ள வெச்சுப் பூட்டுததுக்கா நான் ராவும் பகலும் ஒழைச்சேன்? சொல்லுங்க, அதுக்கா?" குரல் உயர்ந்துவிட்டது. கடையில் எண்ணெய் வாங்க வந்திருந்த ஒரு அம்மாள் கிண்ணத்தோடு பின்வாங்கினாள்.

கீழேயிருந்து காசிம் குரல் கொடுத்தான். சண்டையை நிறுத்தத்தான் கொடுத்தானோ என்னவோ. "பாய், நானும் ஏணியில ஏறிப் பாக்கேன். நல்லாத்தான் இருக்கு."

இருட்டிலிருந்து அவன் தலை தெரிந்தது. இடது காலைக் கம்பியில் வைத்தான். வலது பாதத்தைத் தூக்கி அடுத்த கம்பியில் வைத்தான், வழுக்கியது. மறுபடி வைத்தான். பாதத்தின் முன்பாதி இல்லாதவன் உருண்டைக் கம்பியில் எதை ஊன்றுவான்? நஜிமுதீனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆறு பேரின் உயிரையும் நினைத்துச் செய்தவர், எவனுக்காக இந்த வேலையே தொடங்கியதோ அவன் காலை நினைக்கவில்லை. தட்டையாகப் பட்டை வைத்திருக்க வேண்டும். மற்றவர்களின் பாதங்களை எல்லாம் மனதில் வைத்துக்கொண்டு உருண்டைக் கம்பியை வெட்டித் தள்ளியிருக்கிறார். கரீம் பாட்சாவின் மேல் பொங்கிய அதே கோபம் திரும்பி வந்து தன்மேலேயே விழுந்தது.

கீழே பஞ்சு காசிமுக்குப் பின்னால் ஏறினான். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் உள்ளங்கையைக் காசிமின் பாதிப் பாதத்துக்கு அடியில் கொடுத்தான். காசிம் அதன் மேல் ஊன்றி ஒரு கம்பி ஏறினான். பஞ்சுவும் ஒரு கம்பி ஏறினான். மறுபடி கை. மறுபடி பாதம். "வெயிட்டு ஏறிட்டுடே ஒனக்கு, ஒக்காந்து தின்னு தின்னு" என்று அவன் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான். காசிம் சிரிக்க முயன்று, பல்லைக் கடித்துக்கொண்டான்.

கடைசிக் கம்பியோடு பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. காசிம் ஒரு கையை மேலே நீட்டினான். எண்ணெய்ப் பளபளப்போடு அந்தக் கை நிலவறை வாயில் எழுந்து, விரல்களை விரித்து, தரையின் விளிம்பில் எதையோ தேடியது. அது எழுந்த இடம் கரீம் பாட்சாவின் காலடி. நஜிமுதீனுக்கும் எட்டும். குனியத்தான் போனார். பிறகு, இந்தக் கையைக் கரீம் பாட்சாதான் பிடிக்க வேண்டும் என்று தோன்ற, நின்றுவிட்டார். நின்று, கரீம் பாட்சாவின் முகத்தைப் பார்த்தார்.

கரீம் பாட்சா பூட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். கீழே பஞ்சுவின் மூச்சு கேட்டது. காசிமின் கை இன்னும் அங்கேயே, விரல் விரித்தபடி நின்றது.