பாஸ்வேர்டு கேட்காத லிங்க்

மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் ‘பூட்டு’ என்று பட்டப்பெயர். ரிப்போர்ட்டுகளை அனுப்புவது அவள் வேலை. பாஸ்வேர்டு போடாமல் ஒரு தாளைக்கூட வெளியே விடமாட்டாள். முதலாளி டாக்டரையே ஒருமுறை பாஸ்வேர்டு கேட்டுக் காக்க வைத்தவள்.

அன்று மதியம் நாத்தனார் போன் செய்தாள். அவள் ஒரு லாரி கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அந்தக் கம்பெனி டிரைவர்களின் ரிப்போர்ட்டுகள் இங்கிருந்துதான் போகும். எப்போதும் கிண்டலோடு தொடங்குகிறவள் அன்று குரலைத் தாழ்த்தினாள்.

“அண்ணி, மார்புல கட்டின்னு எங்ககிட்ட ஏன் சொல்லலை?”

அது அவள் கணவனிடம்கூடச் சொல்லாத விஷயம். இதே கூடத்தில் எடுத்த பரிசோதனையின் முடிவு வந்து இரண்டு நாளாகியும் திறந்து பார்க்கத் துணிவில்லாமல் வைத்திருந்தாள். எப்படித் தெரியும் என்றதற்கு, நீங்கள் அனுப்பிய லிங்க்கில்தான் என்றாள் நாத்தனார்.

அப்போதுதான் உறைத்தது. பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை என்று அந்தக் கம்பெனி மேனேஜர் போன மாதம் உயிரை எடுத்தார். தொல்லை விட்டால் போதுமென்று, பாஸ்வேர்டு கேட்காத லிங்க் ஒன்றை அனுப்பிவைத்தாள். கம்பெனியின் ஃபோல்டர் என்று நினைத்து அவள் கொடுத்தது, அதற்கும் மேலே இருந்த ஃபோல்டரை. பரிசோதனைக்கு வந்த அத்தனை பேரும் அதற்குள் இருந்தார்கள்.

“பயப்படாதீங்க, படிச்சுட்டேன். புத்துநோய் இல்லையாம். வெறும் கொழுப்புக் கட்டிதான்.”

கேட்க ஏங்கியிருந்த வார்த்தைதான். காதில் விழுந்தும் உள்ளே இறங்கவில்லை. வேறு யாரெல்லாம் பார்த்தார்கள் என்று கேட்டாள்.

மேனேஜர் லிங்க்கை ஆபீஸ் குரூப்பிலேயே போட்டுவிட்டாராம். யாரோ துழாவியதில் டிரைவர் ஒருவரின் எச்.ஐ.வி. ரிப்போர்ட் கிடைத்திருக்கிறது. கம்பெனிக்குத் தெரியாமல் அவர் தானாக வந்து எடுத்துக்கொண்டது.

“காலையிலயே அவரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க அண்ணி. கூட வண்டியில ஏற ஒருத்தரும் ஒத்துக்கலை.”

அவரை அவளுக்கு நினைவிருந்தது. வெளியே தெரிந்துவிடாது இல்லையா என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் யாருக்கும் தெரியவராது என்று சொன்னவள் அவள்தான்.

போனைக் காதில் வைத்தபடியே லிங்க்கை மூடினாள். இரண்டே கிளிக். அதுவரை நானூற்றுப் பன்னிரண்டு முறை திறக்கப்பட்டிருப்பதாகத் திரை காட்டியது.

டாக்டரிடம் சொல்ல எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். டிரைவரின் எண்ணை எடுத்து அழுத்தினாள். முதல் மணி முழுதாக அடிக்குமுன் எடுத்துவிட்டார்.

“லேபா? அது வேற யாரோட ரிப்போர்ட்டோ, மாறிப் போச்சுன்னு சொல்லத்தானேம்மா கூப்பிட்டீங்க?”