வளைவு எந்தப் பக்கம்

விடிந்தும் விடியாத வேளையில் நெட்டச்சி குழிக்குள் தோள் வரை கை விட்டுக் குப்புறப் படுத்திருந்தாள். வேலிக்கால் குழி குறுகல், மண்வெட்டி நுழையாது. புருஷன் கடப்பாரையால் பாறையைக் குத்திப் பொடிக்க, அவள் தகர டப்பாவால் அள்ளி வெளியே கொட்டுவாள். ஆளும் உயரம், கையும் நீளம். அதனால்தான் அந்தப் பெயர், அதனால்தான் இந்த வேலையும்.

ஒவ்வொரு குத்துக்கும் பொறி பறந்ததே தவிர, பாறை மசியவில்லை. மண்ணில் தோண்டினாலும் பாறையில் தோண்டினாலும் ஒரே கூலி. கேட்டால், பாறையை நானா கொண்டுவந்து போட்டேன் என்பான் மேஸ்திரி.

குழிகள் அவர்களுடைய வரிசை வீடுகளுக்கு முன்னால்தான் ஓடின. வீடுகளுக்குப் பின்னால் பழைய கல்குவாரிப் பள்ளம், எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும். எதற்கு வேலி என்று கேட்டபோது, மாடு புகாமல் இருக்க என்றான் மேஸ்திரி. பாதைக்கு வழி விடுவார்கள் என்று நம்பி, எந்தக் கம்பியில் யார் துணி காயப்போடுவது என்றுகூடப் பெண்கள் பங்கு பிரித்துவிட்டார்கள். அப்படி ஒரு வெகுளித்தனம்.

வெயில் ஏறியதும் லாரியில் சிமெண்ட் கால்கள் வந்தன. மேலே முள்கம்பி கட்ட, தலை வளைந்த கால்கள். வளைவு வீடுகளைப் பார்க்கும்படி வைக்கச் சொல்லிச் சுமைக்காரர்களை விரட்டினான் மேஸ்திரி. கடப்பாரை புருஷன் கையிலேயே நின்றுவிட்டது. வேலி போடுகிறவனுக்குத் தெரியும்: யாரை உள்ளே விடக்கூடாதோ, வளைவு அவர்கள் பக்கம்தான் இருக்கும்.

"அப்ப மாடு நாமதானா?" என்றாள் நெட்டச்சி.

வேலி போடச் சொன்ன முதலாளி காரிலிருந்து இறங்கி வந்தார். ரோட்டுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் எப்படிப் போவது என்று புருஷன் பணிவாகத்தான் கேட்டான்.

"எதுக்குப் போகணும்? கால் நட்டதும் காலி பண்ணிடுங்க. எடம் என்னுது."

"பொறந்ததிலேருந்து இங்கதாங்க இருக்கோம்."

"பிடிக்கலைன்னா கடப்பாரையைப் போட்டுட்டுப் போ. நாளைக்கே வேற ஆள் தோண்டும்."

தோண்டினால் வீடு போகும், தோண்டாவிட்டால் அடுப்பு எரியாது. முன்னால் வேலி, பின்னால் பள்ளம். நம் கையாலேயே நம்மை அடைத்துக்கொண்டோமே என்று நினைத்தாள் நெட்டச்சி. சிராய்த்த முழங்கையைப் பார்த்தாள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

தோண்டி முடித்த குழியின் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் உள்ளே விட்டாள். தொடை வரை இறங்கின.

"என்ன பண்றே?" என்றார் முதலாளி.

"கால் நடணும்னீங்களே. நட்டுட்டேன்."

அடுத்த குழியில் அவள் நாத்தனார் உட்கார்ந்தாள். பிறகு பக்கத்து வீட்டு அண்ணன், அவர் மனைவி. வரிசை நீண்டது. புருஷனின் குழி பாதிதான் ஆகியிருந்தது. உள்ளே விட்டும் முழங்காலோடு நின்ற தன் கால்களைப் பார்த்து, "நான் மட்டும் பாதிதான் நட்டிருக்கேன்" என்றான். பயத்திலும் சிரித்தார்கள்.

அவர்களைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சிமெண்ட் காலை நடச் சொல்லிச் சுமைக்காரர்களை ஏவினார் முதலாளி. அவர்கள் வெளியூர்க்காரர்கள், இவர்களுக்கு உறவும் இல்லை. வயதில் மூத்தவர் குழிகளை ஒருமுறை பார்த்தார், கூட்டாளியிடம் தலையசைத்தார். தோளிலிருந்த சிமெண்ட் காலை இருவரும் மெல்லத் தரையில் இறக்கினார்கள்.

"கொஞ்சம் தள்ளி உக்காரும்மா" என்று நெட்டச்சியின் பக்கத்தில் அவரும் உட்கார்ந்தார்.

முதலாளி கைப்பேசியை எடுத்தார். போலீஸைத்தான் வரவழைப்பார் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் குழியிலிருந்து காலை எடுக்கவில்லை. இறக்கிவைத்த சிமெண்ட் கால் நடுவில் கிடந்தது, வளைவு காரைப் பார்த்தபடி.