கோலாலம்பூருக்கு ஒரு பதில்

விஜயா அண்ணனுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். கிணற்றடிப் பலகையில் உட்கார்ந்திருந்த சேதுராமனின் தலையை நாவிதர் தம்பிராஜா மழித்துக்கொண்டிருந்தார். உள்ளே அம்மாவைக் குளிப்பாட்டி, மாலை போட்டுக் கிடத்தியாயிற்று.

“மத்தியானத்துக்குள்ள பதில் சொல்லியாகணும்,” என்றான் சேதுராமன். தம்பிராஜாவுக்குக் காது மந்தம். அந்தத் தைரியம்.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருஷம். ரப்பர் விலை படுத்துக் கிடந்தது. கோலாலம்பூர் நிதியமைச்சில் வேலை பார்த்த அண்ணன், அம்மாவுக்கு முடியவில்லை என்று தெரிந்ததும் பட்ஜெட் வேலையையும் சுமந்துகொண்டுதான் சொந்த ஊரான காஜா பேராங்குக்கு வந்திருந்தான். வழி இரண்டு. ஒன்று, வருமான வரியைக் குறைப்பது. இரண்டு, வரியை அப்படியே விட்டு, கம்பங்கள் என்கிற மலாய்க் கிராமங்களுக்கும் ரப்பர் தோட்டங்களுக்கும் புதிய தாதிகளை நியமிப்பது. இரண்டையும் சேர்த்துச் செய்யப் பணம் இல்லை. அவன் ஒன்றைச் சிபாரிசு செய்ய வேண்டும். வெளியே மூச்சு விடக்கூடாத விஷயத்தை அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து சொல்லிச் சொல்லிப் பார்த்தான். விசிறிக்கொண்டிருந்த விஜயாவின் காதிலும் அது விழுந்தது.

தாதிப் பயிற்சிக்கு அவள் மனுப் போட்டிருந்தாள். புது வேலைகள் வந்தால்தான் அவளுக்கு இடம். அது அண்ணனுக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

“நேத்து நான் மருந்து வாங்கப் போனப்ப அம்மா ஏதாச்சும் சொன்னாங்களா?”

எதை வேண்டுமானாலும் சொல்லலாம். அம்மா பேசியதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

“வரியக் குறைக்கச் சொன்னாங்கண்ணா. ‘என் புள்ள ராப்பகலா உழைக்கிறான், அதுல போய் வெட்டுறாங்களே’ன்னாங்க.”

சேதுராமனின் தோள் குலுங்கியது.

“தலைய ஆட்டாதீங்க தம்பி. காது போயிரும்லா,” என்றார் தம்பிராஜா.

சேதுராமன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“அம்மா நாட்டுக்குச் சொல்லல. எனக்குச் சொன்னாங்க,” என்றான். “இந்தத் தெருவுல வருமான வரி கட்டுறது நானும் கடை வச்சிருக்கிற செட்டியாரும்தான். பிரசவம் எல்லா வீட்லயும் நடக்குது.”

“அப்புறம் என்ன யோசனை?”

“தங்கச்சிக்காகச் செஞ்சான்னு நாளைக்கு எவனாவது சொல்வான்.”

“நான் மனுவத் திரும்ப வாங்கிக்கிறேன். பள்ளிக்கூடத்துல ஆள் கேக்குறாங்க, அங்க போறேன். நீ சரியானதச் சொல்லு.”

அவன் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். தம்பிராஜா கத்தியைச் சட்டென்று விலக்கினார்.

“ரெண்டுன்னு மட்டும் சொல்லு. செட்டியார் கடை போன்ல பேசு. கொள்ளி வைக்கிறவன் குளிச்சுட்டா பாடையோடதான் வாசலத் தாண்டணும்,” என்றான் சேதுராமன்.

அடைக்கப்பச் செட்டியார் துக்கத்துக்கு வந்து வாசலில் நின்றிருந்தார். கடை டெலிபோனின் பூட்டுச்சாவி எப்போதும் அவர் அரைஞாணில்தான் இருக்கும்.

“யாருக்கு ஆத்தா போனு?”

“அண்ணன் ஆபீசுக்குங்க.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “வரி குறையுதாமா? கையில காசு நின்னா புக்கிட் பாருல இன்னொரு கடை போடுவேன். நாலு பேருக்கு வேலை கிடைக்குமில்ல?”

“எனக்குத் தெரியாதுங்க.”

“உங்கண்ணன்கிட்டயும் கேட்டேன். இதையேதான் சொன்னான்.” சாவியை அவிழ்த்துக் கொடுத்தார். “பின்கதவு வழியாப் போ. பூட்ட மறந்துராத.”

பாடை எழுந்தது. தெருமுனைவரை போய்ப் பெண்கள் திரும்பித் தலைமுழுகினார்கள். விஜயா மட்டும் ஈரப் புடவையோடு கடைக்குள் நுழைந்தாள். டெலிபோனில் அவள் ஆங்கிலம் பேசியதே இல்லை. கோலாலம்பூர் கிடைக்கும்வரை சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள்.

“சேதுராமனின் தங்கை பேசுகிறேன். அவருடைய பதில், இரண்டு.”

மறுமுனையில் இருந்தவர் அண்ணனின் மேலதிகாரி. “சரி. உங்கள் அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது?”

“இன்று காலை இறந்துவிட்டார்.”

அவர் வருத்தம் தெரிவித்தார். மெல்லிய, நல்ல குரல். அவர் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“இரண்டு என்று எழுதிக்கொண்டீர்களா, ஐயா?”

“எழுதிக்கொண்டேன்.”

டெலிபோனைப் பூட்டினாள். வெளியே, ஊர்வலம் இறைத்துவிட்டுப் போன பொரியைக் கோழிகள் ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டிருந்தன.