மதலேனாவுக்கு ஒரு துண்டு பாண்

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் பிறந்தது. பதினொரு வருடம் வயிற்றால் போய், பதினொரு வைத்தியர்களிடம் பதினொரு நோய் வாங்கிய பிறகு, பன்னிரண்டாவது ஆள்தான் எனக்குக் கோதுமை ஆகாது, இது சீலியாக் என்றார். பரம்பரையில் யாருக்காவது இருந்ததா என்று அவருடைய படிவம் கேட்டது. வெறுமையாக விட வெட்கமாக இருந்ததால் “அப்பாவின் பெரியம்மா, மன்னார்” என்று எழுதிக் கொடுத்தேன். அப்பாவுக்குப் பெரியம்மாவே கிடையாது. எழுதிய பாவத்துக்கு இப்போது அவளை உண்டாக்க வேண்டியிருக்கிறது.

2

முதல் தொடக்கம்: “மன்னார்க் கடல் அன்று நீலமாக விரிந்து...” [வேண்டாம். கழிச்சல்காரி கடலையா பார்த்துக்கொண்டிருப்பாள்? பின்வளவுக் கதவைத்தான் பார்ப்பாள்.]

இரண்டாவது: “1943இல், பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போய், அரிசிக் கப்பல் நின்று, வெள்ளைக்கார அரசாங்கம் பங்கீட்டுக் கூப்பனுக்குக் கோதுமை மாவும் அதில் சுட்ட பாணும் கொடுத்த காலத்தில், மன்னார்த் தீவில் கீரி என்ற ஊரில் மதலேனா என்றொருத்தி இருந்தாள்.” நீளம்தான், இருக்கட்டும்.

மதலேனாவுக்கு முப்பத்து நான்கு வயது. புருஷன் லோறன்ஸ் கடல் தொழிலாளி. பிள்ளையில்லை. மா வந்த மூன்றாம் மாதம் அவளுக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. கையும் காலும் குச்சியாகி, வயிறு மட்டும் ஊதியது. கிணற்றடிப் பெண்கள் “எத்தினை மாசம்?” என்று கேட்டார்கள். அங்கே சிரித்து வைத்தாள், வீட்டுக்கு வந்து அழுதாள்.

3

அமிர்தநாயகம் அப்போதிக்கரி, அதாவது டொக்டருக்கு ஒரு படி கீழே, தீவில் ஒரு மருந்துச்சாலையில் இருந்தார். எது என்று கேட்காதீர்கள். நான் கட்டியது, இன்னும் கூரை போடவில்லை. அவருக்குத் தெரியாத நோய் உலகத்தில் இல்லை. முதலில் கொக்கிப்புழு என்றார். மருந்துக்கு ஒரு புழுவும் வெளியே வரவில்லை. பிறகு சீதபேதி என்றார். அதுவும் அவர் சொல் கேட்கவில்லை. கடைசியில் நரம்பு என்றார். பிடிபடாத பெண்களுக்கெல்லாம் நரம்புதான்.

அவருடைய தடித்த இங்கிலீஷ் புத்தகத்தில் இந்த நோய் இருந்தது. மதலேனாவைப் பக்கத்தில் இருத்தி எழுதியதுபோல ஒரு முழுப் பக்கம். ஆனால் தலைப்பில் ‘குழந்தைகளுக்கு’ என்று போட்டிருந்ததால் அவர் தாளைப் புரட்டிவிட்டார். முப்பத்து நான்கு வயதில் குழந்தை நோய் வர அவளுக்கு உத்தரவில்லை.*

“சோத்தைத் தொடாதை பிள்ளை, வயித்துக்குப் பாரம்,” என்றார். “பாண் மட்டும் சாப்பிடு.”

இதை அவர் சொல்லியிருக்கவே தேவையில்லை. எங்கள் பக்கத்தில் காய்ச்சலோ கழிச்சலோ, வருத்தக்காரருக்குப் பாண்தான். பார்க்கப் போகிறவர்களும் அதைத்தான் கொண்டுபோவார்கள். கீரி முழுவதும் தன் பங்கைப் பிய்த்து அவளுக்குக் கொடுத்தது. அவ்வளவு அன்பு.

* நியாயமாகச் சொன்னால், கோதுமைதான் குற்றவாளி என்று அந்தப் புத்தகத்துக்கும் தெரியாது. அதை ஒல்லாந்தில் ஒருவர் விரிவாக எழுதி வெளியிட இன்னும் ஏழு வருடம் கிடக்கிறது. அதுவும் குழந்தைகளைப் பற்றித்தான்.

4

[ஒரு சந்தேகம். இவள் இப்படி வாய்பேசாமல் வருந்தினால் கோயில் சுருவம்போலச் சிலையாகிவிடுவாள். கொஞ்சம் வாய் கொடுக்கிறேன்.]

அறுப்புக் காலத்தில் மதலேனா நானாட்டானில் அக்கா றோஸ்மேரி வீட்டில் ஆறு கிழமை நின்றாள். வயல்காரர் வீடு, பாண் போடும் போறணை பக்கத்தில் இல்லை. மூன்று நேரமும் சோறு. கழிச்சல் நின்றது, வாய்ப்புண் ஆறியது, கிணற்றில் தானே தண்ணீர் அள்ளினாள். கீரிக்குத் திரும்பி ஒரு வாரத்தில் பழையபடி படுத்துவிட்டாள். லோறன்ஸ் வண்டி பிடித்து மருந்துச்சாலைக்குக் கொண்டுபோனான்.

“ஐயா, அங்க சோறு திண்டனான், ஒண்டும் செய்யேல்லை,” என்றாள். “இஞ்ச வந்து பாண் திண்ட உடனை திரும்பப் போகுது. எனக்குப் பாண்தான் ஒத்துக்கொள்ளேல்லை.”

இதோ, நோயைக் கண்டுபிடித்தாயிற்று. நோயாளியே கண்டுபிடித்ததால் செல்லாது.

“நீயோ நானோ அப்போதிக்கரி?” என்றார் அவர். “அங்க சுகம் வந்தது என்ரை மருந்தாலை. விடாமல் குடி.”

லோறன்ஸ், மடு மாதாவுக்கு வைத்த நேர்த்திக்கடனால்தான் அங்கே சுகம் வந்தது என்றான். வேறு எதில் ஒத்துப்போகாவிட்டாலும் பாணில் அவனும் அப்போதிக்கரியும் ஒத்துப்போனார்கள்.

5

முடிவுகள்.

(அ) மதலேனா இறந்துபோகிறாள். அப்போதிக்கரி ‘சீதபேதி’ என்று எழுதி... [அழித்துவிட்டேன். படிவத்துக்காகப் பிறந்தவளைப் படிவத்திலேயே சாகடிக்க மனமில்லை.]

(ஆ) தலைமன்னாரில் கப்பலால் ஒரு ஒல்லாந்து டொக்டர் இறங்கி... [எனக்கு வெட்கமே இல்லை.]

மிச்சமிருப்பது இன்றைய பின்னேரம். காலையில் கூப்பன் அரிசி ஒரு கொத்து கிடைத்ததை அவள் கண்ணால் கண்டாள். லோறன்ஸ் வந்ததும் கஞ்சி வைக்கச் சொல்லலாம் என்று படுத்தபடி காத்திருந்தாள். அவன் இரண்டு றாத்தல் பாணோடு வந்தான்.

“அரிசி எங்க?”

“சாஹுல் ஹமீட் நானாவுக்குக் குடுத்திட்டன். பக்கத்து வீடெண்டாலும் மனுசன் தங்கமான மனுசன். தன்ரை பாணைத் தந்தவர், உனக்கெண்டு.”

“நீங்கள் சாப்பிட்டனீங்களோ?”

“ஓம், வயிறு முட்ட.”

பொய். நேற்றிலிருந்து அவன் வாயில் ஒன்றும் வைக்கவில்லை. அது அவளுக்குத் தெரியும். கருகிய ஓரத்தை வெட்டி ஒதுக்கி, நடுப்பாணைத் தேத்தண்ணியில் தோய்த்து, அவள் வாயருகே நீட்டுகிறான். நேற்றும் அவள் வேண்டாமென்று சொன்னாள். அவன் கதிரையில் குந்தி, “சாகவோ பாக்கிறாய்?” என்று அழுதான். அந்த அழுகையை இன்னொரு தரம் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. எனக்கும் இல்லை.

மதலேனா வாயைத் திறந்தாள்

[அந்த வசனத்தை முடிக்கமாட்டேன். சாப்பிடவா, சொல்லவா என்று என்னைக் கேட்காதீர்கள். நோயின் பெயர் உங்களுக்குத் தெரியும். பக்கத்து வளவில் சாஹுல் ஹமீட் வீட்டில் இப்போதுதான் உலை வைத்திருக்கிறார்கள். யாராவது எழும்பிப் போய் ஒரு கோப்பை கஞ்சி கேளுங்கோ. நானா இல்லையென்று சொல்லமாட்டார்.]