கோலுக்குப் பின்னால் ஒரு தையற்காரர்

கீழே வருவதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. சாந்தோம் பேராலயத்தின் கோபுரத்தையும், கலங்கரை விளக்கத்தையும், இரண்டுக்கும் நடுவே உப்புக்காற்றில் துருவேறி நிற்கும் அத்தனை கோல்போஸ்ட்டுகளையும் சாட்சியாக வைத்துச் சத்தியம் செய்து சொல்லப்படுகிறது. சந்தேகம் உள்ளவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். அடுத்த ஸ்டாப்பிங் கொஞ்சம் தூரம்.

மயிலாப்பூர் குளத்துக்குப் பின்சந்தில் தையல்கடை வைத்திருக்கும் நூர் முஹம்மது, தென்சென்னையில் பந்து ஆடுகிற நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அரைக்கால்சட்டை தைத்தவர். மனிதனுக்கு இரண்டு காலும் ஒரே நீளம் என்று டாக்டர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். தையற்காரர்களுக்கு அந்த மயக்கம் கிடையாது. எவனுக்கு எந்தக் கால் அரை அங்குலம் கூடுதலோ, அவன் பெனால்ட்டியை எந்தப் பக்கம் அடிப்பான் என்பது அதிலேயே தீர்மானமாகிவிடுகிறது. இது நூர் முஹம்மதுவின் கண்டுபிடிப்பு. இதை அவர் ஒருவரிடம்தான் சொல்லியிருந்தார். அது அவர் மகன் ரெஹான்.

ரெஹான் சாந்தோம் லைட்ஹவுஸ் லெவன் அணியின் கோல்கீப்பர். பெனால்ட்டி என்றால் கண்ணை மூடிக்கொள்வான். அப்பா வலைக்குப் பின்னால் நின்று, கடையில் அளவு சொல்கிற குரலில் ஒரு வார்த்தை சொல்வார். "நீளம்" என்றால் வலது பக்கம் பாய வேண்டும். "இடுப்பு" என்றால் இடது பக்கம். இப்படி இருபத்தேழு பெனால்ட்டியில் இருபத்தாறைப் பிடித்திருக்கிறான். தவறிய அந்த ஒன்றின்போது அம்மா அன்வரி பேகம் போனில் பால் வாங்கிவரச் சொன்னாள். நூர் முஹம்மது "அரை லிட்டரா, ஒரு லிட்டரா?" என்று கேட்டார். பையன் குழம்பிப்போய் நடுவிலேயே நின்றுவிட்டான்.

அப்பா இல்லாத மைதானத்தில் ரெஹான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வருகிற பெனால்ட்டியையெல்லாம் விடுவான். இறுதி ஆட்டமோ நந்தனத்தில், அடையாறு ராக்கெட்ஸுக்கு எதிராக. அதற்கு நான்கு நாள் முன்னால்தான் போட்டி நடத்துகிறவர்களிடமிருந்து அறிவிப்பு வந்தது. தடுப்பூசி ஒரு டோஸாவது போட்டதற்குச் சான்றிதழ் காட்டினால்தான் ரசிகர்களுக்கு உள்ளே இடம்.

லைட்ஹவுஸ் ரசிகர்கள் நொச்சிக்குப்பத்தில், மணலில் ஏற்றிவைத்த படகுகளுக்கு நடுவே கூடினார்கள். நாற்பத்தொரு பேர். தலைவர் லியோனார்ட், பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். அறிவிப்பைப் படித்து முடித்து, ஏற்பதா, புறக்கணிப்பதா என்று கேட்டார்.

முதலில் எழுந்தவன் நோயல். மீன்வண்டி ஓட்டுகிறவன். ரசிகர்களில் அவன் தொண்டைதான் பெரியது.

"இன்னா சார் இது. பஸ்ல நசுங்கிக்கினு வரோம், ஒருத்தனும் கேக்கல. இதோ ரோட்டுல மீன் வாங்க முந்நூறு பேரு மேல மேல வுழுந்துக்கினு கீறான், அவன கேக்கல. பந்து பாக்கறவன் மட்டும் பாஸ் காட்டணுமா?"

"பஸ்ல நீ கத்த மாட்ட நோயல்," என்றார் லியோனார்ட். "கோல் விழுந்தா நீ வாயத் திறக்கறது இருக்கே, முன்னால மூணு வரிசைக்கும் மழை."

"அது ஆவேசம் சார்."

"ஆவேசத்துலதான் பரவுது."

"போட்டுக்கறதும் போட்டுக்காததும் என் இஷ்டம். என் ஒடம்பு, என் டீமு. கேட்ல நின்னு ஒர்த்தன் என்னாண்ட பேப்பர் கேட்டான்னா, நான் இன்னா திருடனா?"

பாதிப் பேர் கை தட்டினார்கள். லியோனார்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டேயிருந்தார்.

"என் தம்பி போன மே மாசம் போனான். உங்க எல்லாருக்கும் தெரியும். கவர் போட்ட பெட்டிய தெரியாத ரெண்டு பேர் தூக்கினாங்க. நான் கல்லறை கேட்டுக்கு வெளிய நின்னு பாத்தேன். கேட்ல நிக்கறது எப்படி இருக்கும்னு எனக்குச் சொல்லாத நோயல்."

அதற்கப்புறம் ஓட்டுக்கு விட்டார்கள். பாஸ் வேண்டும் என்று இருபது கை. வேண்டாம் என்று இருபது கை. எண்ணிப் பார்த்து, மறுபடி எண்ணிப் பார்த்து, எல்லோரும் திரும்பினார்கள். கை தூக்காமல் உட்கார்ந்திருந்தவர் நூர் முஹம்மது.

காரணம் எளிது. அவர் ஊசி போட்டுக்கொள்ளவில்லை.

நாளெல்லாம் ஊசியோடு பிழைக்கிறவர்தான். ஆனால் அந்த ஊசி துணிக்குள் போவது. ஏழு வயதில், அம்மை ஊசி போட வந்த நர்ஸைப் பார்த்து மயிலாப்பூரிலிருந்து ஓடியவர், திருவான்மியூரில்தான் நின்றார். இடையில் அடையாறு ஓடுகிறது. பாலத்தில் ஏறியதாக அவருக்கு நினைவில்லை. போன ஏப்ரலில் முகாமுக்குப் போய் வரிசையில் நின்று, முன்னால் இருந்தவர் கையில் ஊசி இறங்குவதைப் பார்த்ததும் ஒரு துண்டுப் பஞ்சை எடுத்துத் தோளில் அழுத்திக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அன்வரி பேகம் ஆட்டுக்கால் பாயா வைத்துக் கொடுத்தாள். சாயங்காலம் அவருக்கு முறைப்படி காய்ச்சலும் வந்தது.

"இன்னா பாய், சொல்லு," என்றான் நோயல். "நீ எந்தப் பக்கம்?"

லியோனார்ட் நூர் முஹம்மதுவைப் பார்த்தார், அவ்வளவுதான். தம்பி போனதிலிருந்து ஆறு மணியானால் தையல்கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்து டீ குடிக்கிற மனிதர். "நீ போட்டாச்சில்ல நூரு?" என்று முதல் நாள் கேட்டார். "ரெண்டும் போட்டாச்சி," என்று இவர் சொன்னார். அதன் பிறகுதான் அவர் மாஸ்க்கை இறக்கினார்.

நூர் முஹம்மதுவின் கை தானாக மேலே போனது. பாஸ் வேண்டும். இருபத்தொன்று.

வேகமாகப் பொய் சொல்கிறவனுக்கு நாக்கு நிற்காது. "ஊசி போடாதவன் ஒருத்தனும் கிரவுண்டுல கால் வைக்கக்கூடாது," என்றும் சேர்த்துச் சொன்னார். லியோனார்ட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கேட்டில் நின்று நம் ரசிகர்களின் பாஸைச் சரிபார்க்கும் பொறுப்பை நூர் முஹம்மதுவிடமே கொடுக்கிறேன் என்று அறிவித்தார்.

பாஸ் பார்க்கிறவனிடம் யார் பாஸ் கேட்கப்போகிறார்கள்? அந்த நினைப்பில் அவர் நான்கு நாளும் நன்றாகத் தூங்கினார்.

ஞாயிறு மூன்றரை மணிக்கு நந்தனம் மைதான வாசலில் நின்றார். கேட்டுக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டி, ஷாமியானா போட்டு ஊசி முகாமும் வைத்திருந்தார்கள். போடாதவர்கள் அங்கேயே போட்டு, அரை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு உள்ளே போகலாம். நூர் முஹம்மது அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவேயில்லை. நாற்பது போன்கள் வந்தன. நாற்பதையும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியும் இறக்கியும் பார்த்து அனுப்பினார். கடைசியாக வந்தவன் நோயல்.

"போட்டுக்கினேன் பாய்," என்றான். "வியாழக்கெழம. ஓட்டுல தோத்தாச்சி, அப்புறம் இன்னா. ஜுரத்துல ரெண்டு நாள் வண்டி எடுக்கல." பாஸைக் காட்டிவிட்டு நகராமல் நின்றான். "எங்க, உன்னுது காட்டு. தோத்தவன் காட்டிட்டேன்ல. ஜெயிச்சவன் காட்டு."

"உள்ள போ நைனா. ஆட்டம் ஆரம்பிக்கப்போவுது."

"ஒரே செகண்டு, பாய்."

பின்னால் லியோனார்ட் வந்து நின்றார். நூர் முஹம்மது போனை எடுத்தார். அதில் ஒரு சான்றிதழ் இருந்தது உண்மை. ஊசிக்கு வீட்டில் எல்லோருக்கும் அவர் நம்பரையே பதிந்திருந்ததால் மனைவியினுடையது அவர் போனில்தான் கிடந்தது. பெயர் இருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து நீட்டினார். தையற்காரர் விரல், அகலம் போதும் என்று நினைத்தார். போதவில்லை.

"பெண். வயசு நாப்பத்தாறு," என்று படித்தான் நோயல்.

யாராவது சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை. நோயலே போனை மெதுவாகத் திருப்பி அவர் கையில் வைத்தான்.

லியோனார்ட் கிட்டே வந்தார். குரலை உயர்த்தவில்லை. "எட்டு மாசமா உன் கடையில மாஸ்க்கை இறக்கிட்டு டீ குடிச்சேன் நூரு. வீட்ல என் சம்சாரம் ஈவ்லின் இதயத்துக்கு மாத்திரை சாப்பிடறவ. உன்ன நம்பித்தான் குடிச்சேன்."

"லியோனார்ட்டு, பையன் ஆட்டம்பா. நான் பின்னால நிக்கலன்னா அவன்..."

"தெரியும். ஷாமியானா அங்க இருக்கு."

கேட்டில் லியோனார்ட்டே நின்றுகொண்டார். உள்ளே விசில் ஊதினார்கள்.

ஷாமியானாவில் நர்ஸ் தீபிகா பெயர் எழுதிக்கொண்டு கூப்பிட்டாள். நூர் முஹம்மது பின்னால் இருந்தவரைப் பார்த்து, "நீங்க போங்க," என்றார். அவர் போனார். அடுத்தவரையும் அனுப்பினார். இப்படி நாற்பத்து மூன்று பேருக்கு வழிவிட்டார். அதில் இருவர் ஆட்டோவுக்காக நின்றவர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் மைக்கில் பூஜ்ஜியத்துக்குப் பூஜ்ஜியம் என்று சொல்லிக்கொண்டேயிருந்தார்கள். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் என்றார்கள். வழிவிட ஆள் இல்லை.

அவர் மனக்கணக்குப் போட்டார். ஐந்து நிமிடம், அப்புறம் கூடுதல் நேரம் இருபது, அப்புறம் பெனால்ட்டி. இப்போது போட்டால் ஒருவேளை கிடைக்கும். இப்போது போடாவிட்டால் கிடைக்கவே கிடைக்காது. நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கால்கள் திருவான்மியூரை நோக்கித் திரும்பியிருந்தன.

"எத்தனாம் நம்பர் ஊசிம்மா?"

"அதெல்லாம் எதுக்கு அண்ணே? கையத் தொங்கவிடுங்க." தீபிகா அவர் முகத்தைப் பார்த்தாள். அளவு நாடா கழுத்தில் தொங்குவதையும் பார்த்தாள். "அண்ணே, டைலரா நீங்க? என் கோட்டுக் கைய பாருங்க. போட்டாலே தோள்ல இழுக்குது."

நூர் முஹம்மது பார்த்தார். கைக்குழியில் தையல் கோணலாக ஓடியிருந்தது. "யாரு தச்சாங்க இத?" என்றார். "கைய முன்பின்னா மாத்தி வெச்சிக்கீறான்மா. இடது கைய வலதுல..."

"முடிஞ்சிடுச்சி," என்றாள் தீபிகா. "அரை மணி நேரம் அங்க உக்காருங்க."

அவர் வாய் திறந்தபடியே இருந்தது. பஞ்சை இந்த முறை அவள் வைத்தாள்.

நாற்காலியில் உட்கார்ந்தார். ஆட்டம் முடிந்தது. கூடுதல் நேரமும் முடிந்தது. கோல் இல்லை. பெனால்ட்டி என்று மைக்கில் சொன்னபோது கடிகாரத்தில் இன்னும் எட்டு நிமிடம் பாக்கி. எழுந்து கேட்டுக்குப் போனார். லியோனார்ட் கையைக் குறுக்கே நீட்டினார்.

"எட்டு நிமிஷம் நூரு."

"போட்டுக்கினேனே, பாரு."

"பாத்தேன். மயக்கம் வந்தா உள்ள யாரு பாப்பா? உக்காரு."

நூர் முஹம்மது சுவரோரம் நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்தச் சுவருக்கு அப்பால் பத்தடியில்தான் கோல்போஸ்ட். ஆள் தெரியாது, மைக்கில் பெயர் மட்டும் கேட்கும். பெயர் போதும் அவருக்கு.

"ராக்கெட்ஸ் அணிக்காக, சித்தார்த்தன்."

இடுப்பு முப்பது, வலது கால் அரை அங்குலம் கூடுதல். "நீளம்!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினார். அந்தப் பக்கம் தொப்பென்று பந்து கைக்குள் விழும் சத்தம். கூட்டம் எழுந்தது. அடுத்த பெயர்: "இடுப்பு!" தொப். மூன்றாவது, நான்காவதும் அப்படியே. லைட்ஹவுஸ் ஆட்களோ ஐந்து பந்தில் நான்கை நந்தனம் மெட்ரோ ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டு ஒன்றைத்தான் உள்ளே போட்டிருந்தார்கள். ராக்கெட்ஸுக்கு இன்னும் ஒரு அடி பாக்கி. பிடித்தால் கோப்பை.

"ராக்கெட்ஸ் அணிக்காக, சஃப்வான்."

நூர் முஹம்மது வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. இந்த மாதம் சேர்ந்த பையன். ரெடிமேட் போடுகிறவன். நானூற்றுப் பன்னிரண்டு பேரில் அவன் இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு ஒருவன் தன் குரலுக்காகக் காத்திருக்கிறான் என்பது அவருக்குத் தெரிந்தது. ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம். நீளம், இடுப்பு, எதுவானாலும். பாதிக்குப் பாதி சரியாகக்கூட இருக்கும். சொன்னால் நம்பிப் பாய்வான். கேட்டில் லியோனார்ட் இவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியாது பேட்டா!" என்றார் நூர் முஹம்மது. "எனக்குத் தெரியாது. கண்ணத் தொறந்து நீயே பாரு."

விசில். அப்புறம் எதுவும் கேட்காத ஒரு நொடி. அந்த நொடியில் அவர் தோளைத் தடவிக்கொண்டார், அப்போதுதான் வலித்தது.

தொப்.

நோயலின் தொண்டை முதலில் கேட்டது. மற்றது எல்லாம் அதற்குள் மூழ்கிப்போனது. நூர் முஹம்மது நாற்காலியை விட்டு எழவில்லை. லியோனார்ட் வந்து பக்கத்தில் நின்று, கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். கூட்டம் வெளியே வர ஆரம்பித்தது.

"முப்பது நிமிஷம் ஆச்சு," என்றார். "இப்ப உள்ள போ."

"ஆட்டமே முடிஞ்சி போச்சேப்பா."

"அதனால என்ன? பையன் இன்னும் கோல்லதான் நிக்கறான். வெளிய வர மாட்டேங்கறானாம். போ."

நூர் முஹம்மது எதிரே வந்த கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு உள்ளே போனார். லியோனார்ட் மாஸ்க்கை ஏற்றிவிட்டுக்கொண்டு, நான்கடி தள்ளிப் பின்னால் நடந்தார்.

இந்த இறுதி ஆட்டம் நடந்த நாள் 2022 ஜனவரி 16, ஞாயிற்றுக்கிழமை. அன்று தமிழ்நாடு முழுவதும் முழு ஊரடங்கு; ஒரு மைதானமும் திறந்திருக்கவில்லை.