செங்கம்மாவின் ‘மொத்’

1

வலது தோள் விண்விண்ணென்று தெறிக்கிறது. சம்மட்டி பிடித்த தோள். பேனா பிடித்தாலும் அதே வலி. வலிக்குச் சத்தம் கிடையாது. பிறகு ‘விண்விண்’ யார் காதில் விழுந்த சத்தம்? தைலம் தேய்த்தபடி இதை யோசித்தபோது செங்கம்மா நினைவுக்கு வந்தாள். இந்தக் கதை வந்த வழி அதுதான்.

2

குடுபல்லி குவாரியில் பொழுது விடிந்தது. பறவைகள்

[வேண்டாம். பறவை கூவியிருந்தாலும் கேட்டிருக்காது. தொண்ணூற்று மூன்றில் எங்கள் கல் கப்பலேறத் தொடங்கியது, காதைப் பிளந்து கல்லில் துளை போடும் கம்ப்ரஸர் வந்தது. இரண்டே வருஷத்தில் கங்கையாவின் காது போனது.]

கல்லைத் தட்டிக் கேட்பது கங்கையாவின் வேலை. ‘டங்’ என்றால் முழுக்கல். ‘டக்’ என்றால் உள்ளே விரிசல். அடியில் ஆள் நிற்கக் கூடாது. காது போனது தெரிந்தால் வேலையும் போகும். அதனால் அவர் தட்டுவார். எதிரே கூடையோடு நிற்கும் மனைவி செங்கம்மா வாயசைப்பாள். ஆனால் டங், டக் இரண்டுக்கும் வாய் ஒரே மாதிரிதான் திறக்கிறது. (கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள்.)

“இன்னாடி சொல்ற? ரெண்டும் ஒண்ணாத்தான் கீது.”

ராத்திரி குடிசையில் அவர் காதருகே கத்தினாள்: “விரிசலுக்கு மொத்துன்னு வெச்சுக்க. வாயை மூடித் தொறப்பேன். அதுவும் தெரியலன்னா கண்ணும் பூட்சின்னு அர்த்தம்.”

பக்கத்துக் குடிசை என்பதால் எனக்கும் கேட்டது. வெளியே சொல்லவில்லை. அவள் உதட்டைப் பார்த்துப் பார்த்து, ஒரு மாதத்தில் விரிசல் கல்லுக்குக் குவாரியே ‘மொத்’ என்றது.*

* கல் போட்ட சத்தம் என்றே எல்லோரும் நம்பினார்கள். கல் அப்படிச் சொல்லவில்லை. அது புருஷன் கண்ணுக்காக ஒருத்தி செய்த சொல்.

3

கல் வாங்க வெளிநாட்டுக்காரர்கள் வந்த நாளில், எல்லோரும் வாயில் துணி கட்ட வேண்டும் என்றார் மேஸ்திரி தாமோதரன். கங்கையா தட்டினார். செங்கம்மாவைப் பார்த்தார். கண் மட்டும் தெரிந்தது. கல்லின் அடியில் உளி பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் நான்கு பேர், நானும் ஒருவன்.

அவள் துணியை இழுத்து இறக்கினாள். உதடு மூடித் திறந்தது.

“எல்லாம் வெளிய வாங்கடா,” என்றார் கங்கையா.

மேஸ்திரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இன்னா செங்கம்மா, கட்டச் சொன்னா அவுத்துக்கினு நிக்கிற?”

“தூசி துன்னு பழகிப்போச்சு மேஸ்திரி. ஒரு வேளை வுட்டா பசிக்குது.”

4

மேஸ்திரி புரிந்துகொண்டு கங்கையாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார் என்று ஒரு முடிவு எழுதினேன். புரிந்தும் சிரித்துவிட்டுப் போனார் என்று இன்னொன்று. மறுநாளே ஓட்டல் வேலைக்குத் திருப்பதி பஸ் ஏறிவிட்டேன். எது நடந்ததென்று தெரியாது. நீங்களே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

என் முதல் கதையில், மழையில் மண்சுவர் சரியும் இடத்தில் ‘மொத்’ என்று எழுதினேன். எங்கே பிடித்தாய் இந்தச் சொல்லை என்று கேட்டார்கள். நானே செய்தது என்றேன். செங்கம்மாவிடம் நான் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

அவளுக்கு ஒரு சொல் பாக்கி.